எட்டு மணல் தோட்டாக்கள்

ஜூன் 3, செவ்வாய்

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் தேசியப் போட்டிக்கான மாநில அணிப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. பிரவீணாவின் பெயர் முதலில் இருக்கிறது.

சங்கச் செயலாளரைப் போனில் பிடித்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் இழுத்தார். பிறகு சொன்னார்: "உங்ககூட சுடறவங்களே சொன்னாங்க மேடம். நீங்க ஃப்ளிஞ்ச் பண்றீங்களாம்."

ஃப்ளிஞ்ச் என்றால், துப்பாக்கி உதைக்கப் போகிறதே என்று உடம்பு முன்கூட்டியே பயந்து, விசையை அழுத்தும்போது கண்ணை மூடித் துள்ளுவது. புதிதாக வருகிறவர்களுக்கு வருகிற வியாதி. பதினோரு வருடம் சுட்டு, மாநிலப் பதக்கம் நான்கு வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கும் இந்தத் தமயந்திக்கு அது வந்திருக்கிறதாம்.

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கோவையில் என்னோடு சுடும் பெண் பிரவீணா ஒருத்திதான். ஆறு வருடம் என் காரில் வந்து, என் டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, அக்கா அக்கா என்று சுற்றியவள்.

ஆகஸ்ட் 10 அன்று இறுதித் தேர்வு. பட்டியலில் இருப்பவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் மறுபடி சுடவேண்டும். முதல் மூன்று பெண்கள்தான் போட்டிக்குப் போவார்கள். நான் உள்ளே போனால் எனக்குப் பாதித் திருப்தி. அவள் வெளியே வந்தால் மீதி. அதற்காகத்தான் இந்த நோட்டு.

ஜூன் 5, வியாழன்

ஃப்ளிஞ்ச் இல்லை என்று வாயால் சொல்லிப் பயனில்லை. உதையையே இல்லாமல் செய்துவிட்டால் பயப்பட என்ன இருக்கிறது? அப்புறம் அவள் எதைச் சொல்வாள் என்று பார்க்கிறேன்.

உதையைக் குறைக்க வழிகள் சில. துப்பாக்கி கனமாக இருக்கவேண்டும். தோட்டா மென்மையாக இருக்கவேண்டும். தோளில் வைக்கும் கட்டை நம் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தவேண்டும். இதில் மரவேலை எனக்குக் கைவந்தது. கோவை கணபதியில் நான் நடத்துவது பேட்டன் பட்டறை. பம்ப் வார்ப்படங்களுக்கு மர அச்சு செய்து கொடுக்கிறோம். அரை மில்லிமீட்டர் பிசகினால் திருப்பி அனுப்பிவிடும் ஆட்களிடம் இருபது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

இன்று கட்டையின் பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் துளையில் ஈயத்தை அடைத்தேன். பின்னால் மட்டும் கனம் கூடினால் குழல் மேலே தூக்கும் என்று முன்பிடியின் அடியிலும் கொஞ்சம். சமையலறைத் தராசில் துண்டு துண்டாக நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் முந்நூற்றிருபது கிராம். தராசைக் கழுவாமல் வைத்துவிட்டேன் என்று அவர் சத்தம் போட்டார். அவர் என்றால் மயில்சாமி, என் கணவர். தோசைக்கு அரிசி அளக்கிற ஆள்.

ஜூன் 8, ஞாயிறு

25-க்கு 16. காற்று.

ஜூன் 14, சனி

கட்டையில் இருந்த பழைய ரப்பரைப் பிடுங்கிவிட்டு, கெட்டியும் மெத்தையுமாக இரண்டு அடுக்கு ரப்பர் வைத்தேன். அதனால் நீளம் கூடியது. மரத்தில் ஆறு மில்லிமீட்டர் அறுத்து எடுத்தேன். கன்னம் படும் இடத்தையும் இழைத்தேன். கண்ணாடி முன் நின்று கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறந்தால் குழலுக்கு நேராக என் கருவிழி. இதற்கு மேல் ஒரு கட்டை பொருந்தாது.

மத்தியானம் குக்கர் விசில் அடித்தபோது கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. கரண்டியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வேலைக்காரம்மாவிடம் சொல்லவேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

25-க்கு 17. தோளில் ரத்தம் கட்டி நீலமாகவில்லை. உதை பாதியாகிவிட்டது, சத்தியமாக.

பிரவீணா இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. வாட்ஸப்பில், "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமுங்களா?" என்று அனுப்பியிருக்கிறாள். தேர்வுக் கமிட்டியிடம் பேசியபோது ஐந்து நிமிடம் கேட்டாளா என்னிடம்?

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் நடந்ததை இழுப்பாள். அன்று என் துப்பாக்கி முன்னாலேயே வெடித்து, பங்கரின் கூரை விளிம்பில் பட்டது. பங்கர் என்பது நாங்கள் நிற்கும் கோட்டுக்குப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளம். களிமண் தட்டுகளை எறியும் எந்திரங்கள் அதற்குள் இருக்கின்றன. கான்கிரீட் கூரை. விளிம்பில் சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான். விசை லேசாக இருந்ததுதான் காரணம் என்று அன்றைக்கே சொன்னேன், மறுவாரமே மாற்றியும் விட்டேன். முடிந்துபோன கதை.

ஜூலை 1, செவ்வாய்

இன்று பட்டறையில் ஒரு யோசனை வந்தது. வந்ததிலிருந்து சந்தோஷமாக இருக்கிறேன். சாயங்காலம் கேசரி கிளறினேன்.

ஃப்ளிஞ்சைக் கண்டுபிடிக்கப் பழைய சோதனை ஒன்று உண்டு. சுடுகிறவருக்குத் தெரியாமல் துப்பாக்கியில் வெடிக்காத தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். அவர் அழுத்துவார். டிக் என்று சத்தம் மட்டும் வரும். உதை இல்லை, வெடி இல்லை. பயந்தவராக இருந்தால் அந்த நொடியில் குழல் தானாகக் கீழே பாயும், தோள் முன்னால் குதிக்கும். வெடிக்கும்போது யாருக்கும் தெரியாத துள்ளல், வெடிக்காதபோது ஊருக்கே தெரியும்.

ஜூலை 20 பயிற்சிப் போட்டிக்குக் கமிட்டிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் பிரவீணாவின் துப்பாக்கி டிக் என்று சொல்லட்டும். புள்ளி போகாது, தோட்டா பழுதானால் அந்தத் தட்டை மறுபடி எறிவார்கள், அது விதி. எனக்கு அவள் புள்ளி வேண்டாம். அவள் துள்ளுவதை எல்லோரும் பார்க்கவேண்டும். ஒவ்வொருவருக்குள்ளும் கொஞ்சம் ஃப்ளிஞ்ச் இருக்கத்தான் செய்யும். அவளுக்கு மட்டும் இருக்காதா?

ஜூலை 4, வெள்ளி

எட்டு செய்தேன். சுட்டு வெறுமையான கூடுகளைப் பொறுக்கி வந்து, அதே எடைக்குச் சலித்த மணலை நிரப்பி, வாயை மடித்து அழுத்தினேன். அடிப்பக்கத்தில் ஊசி குத்திய பள்ளம் இருக்குமே, அதை அச்சு மரத்தில் ஓட்டை அடைக்கும் மெழுகால் நிரப்பிப் பித்தளை நிறம் பூசினேன். பெட்டித் தோட்டாக்களோடு கலந்து வைத்தால் எனக்கே தெரியவில்லை. பயந்துபோய் எட்டையும் தனியாக முறுக்கு டப்பாவில் போட்டு மூடினேன்.

எதற்கு எட்டு என்று கேட்டால், கை ஓடியது, செய்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

அவரை ரேஞ்சுக்கு அழைத்துப்போனேன். நான் சுடுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்.

"ஏந் தமயந்தி, உதையே இல்லீங்கற. அப்பறம் எதுக்குக் கண்ண இறுக்கி மூடற?"

"வெயிலுங்க. எதிர்வெயில்."

"காத்தால ஏழு மணிக்கு உன்ற முதுகுப் பக்கமல்லோ வெயிலு."

தோசைக்கு அரிசி அளக்கிறவருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும். போனில் இடமில்லை என்று அந்த வீடியோவை அழித்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

தாள் கிழிய எழுதுகிறேன். கோபத்தில்.

எல்லாம் திட்டப்படிதான் நடந்தது. பயிற்சிப் போட்டி இறுதிச்சுற்று முறையில், ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா. பிரவீணா காதடைப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பெஞ்சில் திறந்து கிடந்த அவள் பெட்டியில் ஒன்றை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். ஒரே ஒரு நொடி. ஆறு வருடம் பழகிய பெட்டி.

ஒன்பதாவது தட்டு. குரல் கொடுத்தாள். ஆரஞ்சுத் தட்டு வலப்பக்கம் பாய்ந்தது. டிக்.

குழல் அசையவில்லை. அசையவில்லை என்றால், தட்டின் கூடவே போனது, தட்டு புல்லில் விழுகிறவரை அதன் பின்னாலேயே போய் நின்றது. கன்னம் கட்டையை விட்டு எழவில்லை. கண்ணிமைகூட. கமிட்டிக்காரர் ஒருவர், "பாத்தீங்களா, இதுதான் பக்குவம்" என்று பக்கத்து ஆளுக்குக் காட்டினார். நடுவர் பொன்னுரங்கம் துப்பாக்கியை வாங்கித் திறந்து, "மருந்து நமுத்துப் போச்சாட்டம் இருக்கு" என்று தோட்டாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்ததை நிரப்பினாள்.

22 அடித்தாள். நான் 15.

நானே மேடை கட்டி, நானே விளக்குப் போட்டு, அவளை ஆடவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

எருமைத்தோல் அவளுக்கு. சுரணையே இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

வேகம் குறைந்த தோட்டா வாங்கினேன். காதுக்குள் பஞ்சடைப்பு, அதன்மேல் காதடைப்பு. சட்டைக்குள் தோளில் ஜெல் பட்டை. ஈயம் இன்னும் எண்பது கிராம். இப்போது என் துப்பாக்கி சுடும்போது யாரோ தோளில் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவே.

25-க்கு 17.

பாதி உதைக்கிற துப்பாக்கியிலும் 17, உதைக்காத துப்பாக்கியிலும் 17. கணக்கு எங்கோ இடிக்கிறது. தட்டுகளின் புதிய சரக்கு கெட்டி போலிருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ரேஞ்சுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை யாரும் வருவதில்லை. பிரவீணா மட்டும் நின்றிருந்தாள். பங்கருக்குள் எந்திரம் பார்க்கும் ராசு அண்ணன் தட்டு அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். தட்டு நம் குரலுக்குத் தானாகப் பறக்கும்.

"அக்கா, ஒரு ரவுண்டு சேந்து சுடலாமுங்களா? ஒரு தட்டுக்கு ஒண்ணு."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். நாளை மறுநாள் தேர்வு. அதற்கு முன்னால் அவளை ஒரு தடவை தோற்கடித்து அனுப்பினால் நன்றாக இருக்குமே என்று பட்டது. நின்றேன்.

இருபது தட்டு வரை சமம். அவள் 14, நான் 14. அவள் இன்று ஏனோ தடுமாறினாள். என் பை காலியானது. பெட்டி காரில் இருந்தது. எங்கள் பழக்கம் ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும்போது தோட்டா தீர்ந்தால் பக்கத்து ஆள் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் மரியாதை இல்லை. நம்பி அப்படியே போடவேண்டும். பிரவீணா ஐந்து தோட்டாவை நீட்டினாள். வாங்கினேன்.

இருபத்துமூன்றாவது தட்டு. குரல் கொடுத்தேன். தட்டு நேராகப் போனது, எளிதான தட்டு. அழுத்தினேன்.

டிக்.

என் குழல் எங்கே பார்த்தது என்று எழுதவேண்டும். தரையைப் பார்த்தது. இல்லை, அதுவும் சரியில்லை. பங்கரின் கூரையைப் பார்த்தது. வலது குதிகால் தூக்கியிருந்தது, உடம்பு முழுக்க முன்னால் சரிந்து, ஒரு கால் கோட்டைத் தாண்டியிருந்தது. கண் மூடியிருந்தது. அதைத் திறக்கவேண்டியிருந்ததால்தான் மூடியிருந்தது எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் குழலை முன்னால் காட்டியபடி நின்றுவிட்டுத் திறந்தேன். தோட்டாவின் அடியில் என் மெழுகு, என் பித்தளைப் பூச்சு. அதில் இரண்டு குத்து. ஒன்று என் துப்பாக்கியின் ஊசி. மற்றது ஜூலை 20 அன்று அவளுடையது.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"மெழுகுங்க்கா. உங்க பட்டறைல எத்தன நாள் உக்காந்து பாத்திருக்கேன், அந்த மெழுக எனக்குத் தெரியாதுங்களா?"

"பழி வாங்கிட்ட."

"நாளன்னிக்கு எல்லார்த்து முன்னாடியும் போட்டிருக்கலாமுங்க்கா. மனசு வல்ல. அதான் இன்னைக்கு." தன் துப்பாக்கியையும் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தாள். "பிப்ரவரில அது விசையில்லீங்க்கா. நானு அடுத்த இடத்துல நின்னுட்டிருந்தேன். இதே மாதிரிதான் கொழலு எறங்குச்சு. கீழ ராசண்ணன் இருந்தாரு. உங்ககிட்ட மூணு தடவ சொல்ல வந்தேன். மூணு தடவயும் விசையப் பத்தியே பேசுனீங்க. அப்பறந்தான் கமிட்டிகிட்டப் போனேன். நான் பண்ணது தப்புன்னா தப்புங்க. இதையும் நான் யாருகிட்டவும் சொல்லப் போறதில்ல."

காரில் ஏறி வந்துவிட்டேன். முறுக்கு டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஏழு. கையில் இருப்பதோடு எட்டு.

ஆகஸ்ட் 9, சனி

அவளை வெறுக்கிறேன். அதில் மாற்றம் இல்லை. சரியாகச் சொன்னவளை வெறுப்பது, பொய் சொன்னவளை வெறுப்பதைவிட அதிகமாக எரிகிறது.

நாளைக்குப் போகலாம். அவள் சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டாள். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றாவதாகக்கூட வரலாம். காலையிலிருந்து இதையேதான் யோசித்தேன். பிறகு ரேஞ்சுக்குப் போனேன், துப்பாக்கி இல்லாமல்.

ராசு அண்ணன் பங்கருக்குள் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முதன்முறையாகப் படியிறங்கி உள்ளே போனேன். பதினோரு வருடத்தில் முதன்முறை. கூரை என் தலைக்கு ஒரு சாண் மேலே. பெயர்ந்த விளிம்பு உள்ளேயிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு நேர் கீழே அவர் ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலும்.

"பிப்ரவரி மாசம் மேல ஒண்ணு பட்டுச்சே, ஞாபகம் இருக்குங்களாண்ணா?"

"இல்லாம என்னங்கம்மா. மூஞ்சிக்கு நேராச் சில்லு தெறிச்சுது. அதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடிதான் தட்டு மாட்ட எந்திரிச்சு நின்னு, அப்பத்தான் உக்காந்தேனுங்க." சிரித்தார். "விசை கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. எந்திரந்தான, கெடத்தான செய்யுமுங்க."

"விசை இல்லைங்கண்ணா. நான்."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நின்றேன், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. அவர் கூரையைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை எடுத்து உள்சுவர் ஓரமாகப் போட்டார். அவ்வளவுதான். அது போதும் எனக்கு, ஆயுசுக்கும்.

வீட்டுக்கு வந்து கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். தேர்விலிருந்து விலகுகிறேன், காரணம் ஃப்ளிஞ்ச், பிப்ரவரியில் கூரையில் பட்டதும் அதனால்தான் என்று. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "காப்பி போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அரிசி மட்டும் அளக்கிறவர் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரவீணா முதலிடம். நான் வீட்டில் துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கட்டையிலிருந்து ஈயத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். ஜெல் பட்டையையும் கழற்றியாயிற்று. பொருத்தமான கட்டையும் நல்ல ரப்பரும் மட்டும் இருக்கட்டும்.

இந்த வியாதிக்கு மருந்தும் அந்த மணல் தோட்டாதான். நிஜத் தோட்டாக்களோடு கலந்து சுடவேண்டும். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாமலே சுட்டுச் சுட்டு, உடம்பு துள்ளுவதை மறக்கவேண்டும். ஆனால் சிக்கல், அதை நாமே போட்டுக்கொள்ள முடியாது. போட்டவருக்குத் தெரிந்துவிடுமே. வேறொருவர் கையால்தான் நிரப்பவேண்டும். நான் எந்தப் பக்கம் தலை திருப்பினாலும் அந்த வேலைக்குக் கோவையில் ஒருத்திதான் இருக்கிறாள்.

காலையில் முறுக்கு டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. எங்கூட ஒரே சோத்துல கை வெச்சவ, எங்கிட்டச் சண்டை போட்டாவது சொல்லியிருக்கணும். அடுத்த வருஷம் உன்னையத் தோக்கடிச்சு வீட்டுக்கு அனுப்பறேன். அதுக்கு நீதான் நிரப்பிக் குடுக்கணும்."

"சரிங்க்கா."

ராசு அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பங்கரில் ஆள் இல்லை என்று நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு ஆரம்பித்தோம். அவள் எனக்கு முதுகைக் காட்டி நிரப்பி, மூடித் தருவாள். முதல் மூன்று டிக்குக்கும் குழல் தரைக்குப் போனது. அவள் திரும்பவும் வாங்கி நிரப்பினாள். ஐந்தாவது டிக்கில் கண் மூடியதை மூடும்போதே பார்த்தேன். ஏழாவதில் குழல் ஒரு சாண்தான் இறங்கியது. தோள் நன்றாக வலிக்கிறது.

"அக்கா, இன்னும் மணல் எத்தன பாக்கியிருக்குன்னு சொல்லட்டுங்களா?"

"எனக்கு எண்ணத் தெரியாதாக்கும். எட்டையும் மறுபடி கலந்து, முதல்ல இருந்து போடு."